மயில்துத்த நீலம்: பர்கண்டி திராட்சைச் சாலைகளில் ஐந்து நாள் சைக்கிள் பயணம்

ஜூன் 17, 2024, திங்கள். போன் நகரம்

லியோனில் ரயில் ஏறும்போது தூறல். போன் நகரத்தில் இறங்கும்போது நல்ல மழை.

அக்கா மகன் பிரான்ஸில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். "வாங்க மாமா, பர்கண்டில திராட்சைத் தோட்டத்துக்குள்ளயே சைக்கிள் ஓட்டலாம்" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது, இன்னமும் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கிறார். அந்தப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை எங்கள் பக்கம் முதலில் கொண்டுவந்ததே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்று ஊரில் சொல்வார்கள். அதனால் அந்த ஊர்க்காரர்கள் கொடியை எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதல் நாளே பசி. மழை விடட்டும் என்று ரயில் நிலையத்தில் நின்றுவிட்டு, ஊருக்குள் போகும்போது மணி இரண்டு பத்து. முதல் உணவகத்தில் அடுப்பை அணைத்துவிட்டார்களாம். அடுத்ததில் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கடைக்குத் திங்கள் விடுமுறை. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் இரவு ஏழு மணி வரை காத்திருக்க வேண்டும். இந்த நாட்டின் கிராமப்புறத்துக்கு வருகிற யாரும் இதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியில் ஒரு ரொட்டிக்கடை திறந்திருந்தது. உள்ளே போனதும் நான் கையை நீட்டி "பகெத்" என்றேன். கல்லாவில் இருந்த அம்மாள் அசையவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்து, நிதானமாக "பொன்ஜூர், முஸ்யூ" என்றார். நான் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்தார். சொன்னதும்தான் ரொட்டியை எடுத்தார். ஒரு யூரோ இருபது காசு. வெளியே வந்ததும் மருமகன் சொன்னான்: "மாமா, வணக்கம் சொல்லாம எதையும் கேட்டா, இங்க அது அவங்களை மதிக்கலைன்னு அர்த்தம்." சரி என்று மனதில் வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஐந்து நாளும் அந்த ஒரு வார்த்தை எனக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டது.

சாயங்காலம் ஓத்தெல்-த்யூ என்கிற பழைய மருத்துவமனையைப் பார்த்தோம். நூறாண்டுப் போர் நாட்டை உரித்துப் போட்டிருந்த காலத்தில், 1443-ல், பர்கண்டிப் பிரபுவின் அமைச்சர் நிக்கோலா ரோலன் ஏழைகளுக்காகக் கட்டியது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஓடுகள் வேய்ந்த கூரை மழையில் கழுவி விட்டதுபோல மின்னியது. உள்ளே நீளமான கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், எல்லாவற்றுக்கும் சிவப்புத் திரை. மருத்துவமனைக்குப் பலர் திராட்சை நிலத்தை எழுதி வைத்தார்கள். அந்த நிலத்தின் ஒயினை 1859-லிருந்து வருடா வருடம் நவம்பரில் ஏலம் விடுகிறார்கள், பணம் மருத்துவமனைக்குப் போகிறது. நம் ஊரில் கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதுபோல இங்கே நோயாளிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தை விட்டு வர எனக்கு மனசே வரவில்லை.

ஜூன் 18, செவ்வாய். போன் – சான்த்னே, 22 கிலோமீட்டர்

வாடகை சைக்கிள், நாளுக்கு இருபது யூரோ. போன் ஊரைத் தாண்டியதுமே தோட்டப் பாதை தொடங்கிவிடுகிறது. பொம்மார், வொல்னே, மெர்சோ, புலிஞி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே, சான்த்னே என்று ஊர் ஊராகக் கோத்துக்கொண்டு போகிறது. பெரும்பாலும் தோட்ட வேலைக்குப் போட்ட பாதைதான், அதையே சைக்கிளுக்கும் விட்டிருக்கிறார்கள்.

முதலில் என்னை நிறுத்தியது கொடியின் உயரம். நம் பக்கம் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். குலை நம் நெற்றியில் இடிக்கும். இங்கே கொடி என் இடுப்புக்குச் சற்று மேலே, கம்பிகளுக்கு நடுவே வேலிபோல நிற்கிறது. குலை முழங்கால் உயரத்தில். மீட்டருக்கு ஒரு செடி, ஹெக்டேருக்குப் பத்தாயிரம். குனிந்து குனிந்து பறிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரே அறுவடை. அப்பா இரண்டு எடுப்பார், சில தோட்டங்களில் மூன்று கூட எடுப்பார்கள்.

இன்னொன்று, தோட்டங்களுக்கு நடுவில் வீடே இல்லை. இந்தச் சரிவில் ஒரு கையளவு மண்ணையும் வீட்டுக்கு விட மாட்டார்கள். ஊர்கள் எல்லாம் கல்வீடுகளாக ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கிக் கிடக்கின்றன. மிச்சம் முழுக்கக் கொடி. சாலையில் இவ்வளவு அமைதி இருப்பதற்கு இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றியது. வீடு இல்லை, கடை இல்லை, அதனால் வண்டியும் இல்லை. டயர் ஈரத்தில் ஓடும் சத்தமும், எங்கோ ஒரு வானம்பாடியும்தான்.

இந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை 'க்ளிமா' என்கிறார்கள். 1,247 க்ளிமாக்கள் 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. சரிவின் நடுப்பகுதி உசத்தி. கீழே நெடுஞ்சாலையை ஒட்டிய சமவெளி சாதாரணம். நடுவில் சில சமயம் ஒரு வண்டிப்பாதைதான் எல்லை. மோன்ராஷே என்கிற நிலம் எட்டு ஹெக்டேர்தான். அதன் பெயருக்காகவே இரண்டு பக்கத்து ஊர்களும் 1879-ல் தங்கள் பெயரோடு அதை ஒட்டவைத்துக்கொண்டன. கல்சுவரோரம் சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன். மற்ற இடத்தில் இருந்த அதே செம்மண், அதே சுண்ணாம்புக்கல் சில்லு. ஆனால் அந்த மண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதை, வரிசைக்கு வரிசை களை எடுத்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

மெர்சோவைத் தாண்டியதும் மருந்து அடிக்கும் வண்டி ஒன்று எதிரே வந்தது. நெட்டைக் கால் டிராக்டர். கொடி வரிசை அதன் வயிற்றுக்கு அடியில் போகும்படி நாலு காலில் உயரமாக நிற்கும். எங்களைப் பார்த்ததும் ஓட்டுநர் தெளிப்பை நிறுத்தி, வரிசை முனையில் காத்திருந்து, போங்கள் என்று கையைக் காட்டினார். நன்றி சொல்லக் கையைத் தூக்கினேன். முன்சக்கரம் ஈரக் களிமண்ணில் வழுக்கியது. அப்படியே கொடிமேல் சாய்ந்தேன்.

முழங்கை சிராய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் எழுந்தபோது என் உள்ளங்கை முழுக்க நீலம். கொடியைப் பிடித்த இடத்தில் இலையெல்லாம் வெளிர்நீலப் பொட்டு. ஒரு நொடி எங்கள் தோட்டத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. மயில்துத்தம் என்கிற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, கொடிக்கு வரும் நோய்க்கு மருந்து! சின்ன வயதில் பிளாஸ்டிக் டிரம்மில் அப்பா ஊற்ற, நான் மூங்கில் குச்சியால் கலக்கியிருக்கிறேன். அதே நீலம்.

ஓட்டுநர் இறங்கி வந்தார். அறுபது வயது இருக்கும். தண்ணீர் கேனைச் சாய்த்து என் கையைக் கழுவிவிட்டார், பிறகு முழங்கையை. நான் கைப்பேசியில் அப்பாவின் பந்தல் படத்தைக் காட்டினேன். வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, படத்தைப் பெரிதாக்கிக் கம்பியைப் பார்த்தார், குலையைப் பார்த்தார். "தலைக்கு மேலேயா? அப்ப மருந்து மேல பார்த்து அடிப்பாங்களா?" என்று கேட்டதாக மருமகன் சொன்னான். ஆமாம், முகத்திலேயே விழும் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

இந்த வருடம் எத்தனை தடவை அடித்தீர்கள் என்று கேட்டேன். எட்டு விரலைக் காட்டினார். ஜூன் பாதியிலேயே எட்டு. வசந்தம் தொடங்கியதிலிருந்து மழை விடவே இல்லையாம். இருபது மில்லிமீட்டர் பெய்தால் இலையிலிருக்கும் செம்பு கழுவிப் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். அவர் இயற்கை முறை விவசாயி. அவர்களுக்கு ஏழு வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புதான் அனுமதி. மழை அதிகமான வருடத்தில் அந்தக் கணக்கும் தொண்டையை நெரிக்கும். ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. மேலே அதே இடத்தில் எண்ணெய்ப் பொட்டுபோல மஞ்சள். அடிச்சாம்பல் நோய். பெயர் சொல்ல எங்கள் இருவருக்கும் பொது மொழி இல்லை. ஆனால் அந்த இலையைப் பார்த்து இருவரும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டோம்.

இரவு சான்த்னேயில் முட்டைக் குழம்பு. சிவப்பு ஒயினில் பன்றி இறைச்சித் துண்டும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொதிக்கவைத்த சாறில், உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை. 'ஒஃப் ஆன் மெரெத்' என்று பெயர். பதினான்கு யூரோ. ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டேன், பரிமாறிய பெண்ணுக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

ஜூன் 19, புதன். சான்த்னே – புஸ்ஸி, சுமார் 35 கிலோமீட்டர்

காலையில் மழை இல்லை. ஷாஞி வரை வாய்க்கால் கரை. சோன் ஆற்றையும் லுவார் ஆற்றையும் சேர்க்க 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டிய கால்வாய், இப்போது சுற்றுலாப் படகுகள் மட்டும் போகின்றன. அதற்கப்புறம் ரூயி, மெர்க்குரே, ஜிவ்ரி என்று மேடும் பள்ளமும். நேற்றைய ஊர்களின் பணக்காரத் தோற்றம் இங்கே இல்லை. தோட்டத்துக்கு நடுவே மாடு மேய்கிறது, கோதுமை நிற்கிறது, செர்ரி மரம் சாலையில் சாய்ந்து கிடக்கிறது. எனக்கு இந்தப் பக்கம்தான் அதிகம் பிடித்தது.

மெர்க்குரே ஏற்றத்தில் ஒரு கார் பின்னால் வந்தது. சாலை குறுகல். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்று இங்கே சட்டம். அந்தக் கார் ஏற்றம் முடியும் வரை எங்கள் நடை வேகத்திலேயே வந்தது. ஒரு முறைகூட ஹாரன் இல்லை. மேலே ஒதுங்கி நின்றோம். தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, "நல்லா மிதிங்க!" என்று ஏதோ உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நெடுஞ்சாலையில் பஸ் உரசிக்கொண்டு போகும்போது வாய்க்காலில் இறங்கிப் பழகிய எனக்கு, அந்த நிமிடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. சாலையில் உனக்கும் இடம் உண்டு என்று ஒருவர் நடந்து காட்டுவது சின்ன விஷயம் இல்லை.

மதியம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கடை எதுவும் இல்லை. பிரான்ஸில் தண்ணீர் வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்துக்குப் போ என்பது சைக்கிள்காரர்களின் பாடம். பூச்செடிக்கு ஊற்ற வாசலில் குழாய் இருக்கும். இருந்தது, ஆனால் குடிக்க உதவாது என்று பலகையும் இருந்தது. நாங்கள் பலகையைப் படித்துக்கொண்டு நிற்பதை எதிர்வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டார். "பொன்ஜூர்" என்றேன். நாலு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பும்போது தண்ணீரோடு ஒரு கிண்ணம் செர்ரியும் இருந்தது. மழையில் பாதிப் பழம் வெடித்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாராம். வெடித்த பழம்தான் தித்தித்தது.

புஸ்ஸி வந்து சேர்ந்தபோது தொடை இரண்டும் மரக்கட்டை. எட்டரைக்கெல்லாம் தூங்கிவிட்டேன், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம்.

ஜூன் 20, வியாழன். புஸ்ஸி – க்ளுனி, சுமார் 35 கிலோமீட்டர்

இன்றைக்கு முழுக்கப் பழைய ரயில் பாதை. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து, தார் போட்டு, 1997-ல் ஜிவ்ரியிலிருந்து க்ளுனி வரை நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் என்று திறந்துவிட்டார்கள். இப்போது நாடு முழுக்க இருக்கும் 'பசுமைப் பாதை'களுக்கு இதுதான் முன்னோடி. ரயிலுக்குப் போட்ட பாதை என்பதால் ஏற்றமே தெரியாது. பழைய நிலையங்கள் ஊர்ப்பெயர்ப் பலகையோடு அப்படியே நிற்கின்றன.

சான்-ஜான்கூ தாண்டியதும் மருமகன் வண்டியில் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. வாடகைக் கடையில் கொடுத்த உபரி ட்யூப் வேறு அளவு. அவன் முகம் செத்துவிட்டது. அப்போது வயதான டச்சுத் தம்பதி நிறுத்தினார்கள். கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து பஞ்சர் ஒட்டும் பெட்டியைக் கொடுத்தார்கள். ட்யூபில் காற்றடித்து, மழைநீர் தேங்கிய குட்டையில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பிடித்தேன். துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பசை காயும் வரை ஊதி, ஒட்டுப் போட்டேன். பத்தாவது படிக்கும்போது உத்தமபாளையம் சைக்கிள் கடையில் விடுமுறைக்கு நின்றிருக்கிறேன், கை அதை மறக்கவில்லை. "மாமா, இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா!" என்று அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கவனமாகப் பார்த்தான். டச்சு அம்மாள் மிச்ச ஒட்டுகளையும் எங்களிடமே கொடுத்துவிட்டார். காசு நீட்டியதற்கு, "அடுத்து யாருக்காவது பஞ்சர் ஆகும்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

கோர்மத்தான், தெஸே மேடு எல்லாம் மழைக்குள்ளேயே கடந்துபோயின.

க்ளுனி மடம் 910-ல் தொடங்கியது. 1088-ல் கட்ட ஆரம்பித்த அதன் மூன்றாவது கோயில் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு கோயிலை இப்போதிருக்கும் அளவுக்குக் கட்டும் வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரியது கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். மிஞ்சியது சிலுவை வடிவக் கோயிலின் ஒரு பக்கக் கையும் ஒரு எண்கோண மணிக்கூண்டும். அந்த ஒரு கைக்குள் நின்று அண்ணாந்து பார்க்கும்போதே கழுத்து வலிக்கிறது. முழுதும் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஊரில் சுற்றும்போது வீட்டுச் சுவர்களில் இருக்கும் நல்ல செதுக்குக் கல்லையெல்லாம் எங்கிருந்து வந்ததோ என்று தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஜூன் 21, வெள்ளி. க்ளுனி – மாக்கோன், சுமார் 25 கிலோமீட்டர்

க்ளுனிக்குத் தெற்கே பழைய ரயில் சுரங்கம் ஒன்று இருக்கிறது. 1.6 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வௌவால்கள் தூங்குவதால் மூடிவிடுவார்கள். மருமகனுக்கு அதற்குள் போக ஆசை. எனக்கு மேட்டின் மேலிருந்து பார்க்க ஆசை. நான்கு நாளில் முதல் முறையாக வெயில் வந்திருந்ததால் மேடே ஜெயித்தது. ஏற்றத்தில் இரண்டு தடவை இறங்கித் தள்ளினோம். அந்த அமைதியில் திடீரென்று காற்றைக் கிழித்துக்கொண்டு பாரிஸ்–லியோன் அதிவேக ரயில் போனது. சில நொடிதான். மறுபடி வண்டுகளின் ரீங்காரம்.

இறங்கும்போது பெர்ஸே-லெ-ஷாத்தெல் கோட்டை, அதன் காலடியில் மறுபடி திராட்சை. ஒரு வரிசையோரம் நிறுத்தினேன். பூ முடிந்து பிஞ்சு பிடிக்கும் சமயம். பூவிலிருந்து நூறு நாளில் அறுவடை என்பது இந்தப் பக்கத்துப் பழைய கணக்கு. ஒரு குலையைக் கையில் ஏந்திப் பார்த்தேன். மிளகு அளவுப் பிஞ்சு, நடுநடுவே வெறும் காம்பு. பூ பிடிக்கும் நேரத்தில் மழை பெய்தால் இப்படித்தான் உதிரும். இலையில் அதே நீலப் பொட்டு.

இந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு சாலைக் கதை இருக்கிறது. போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்கிறார்கள் என்று சாலையோரக் கொடிக்கு மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்தார்களாம், விஷம் என்று பயந்து தொடாமல் இருக்க. 1882-ல் அந்த வழியாகப் போன தாவரவியல் பேராசிரியர் மிலார்டே, உள்ளே எல்லாம் நோயில் இலை கொட்டியிருக்க, சாலையோரக் கொடி மட்டும் பச்சையாக நிற்பதைக் கவனித்தார். 1885-ல் அதை மருந்தாக உலகுக்குச் சொன்னார். அப்பா கையில் டிரம் வந்தது அப்படித்தான். சாலையோரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதை மருமகனுக்குச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் இலையைப் படம் எடுத்துக்கொண்டான்.

மாக்கோனில் சோன் ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 21 இங்கே இசைத் திருநாள், 1982-லிருந்து நாடு முழுக்க நடக்கிறது. யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று வாசிக்கலாம். ஆற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகள் டிரம்பெட் ஊத, பக்கத்திலேயே தாத்தா ஒருவர் அக்கார்டியன். காளான் போட்ட ஆம்லெட்டும் வெள்ளை ஒயின் ஒரு கோப்பையும், இருவருக்கும் சேர்த்து முப்பத்தொரு யூரோ.

அப்பா கூப்பிட்டார். அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும், தூக்கம் வரவில்லையாம். மருமகன் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டார்.

"நம்ம மருந்துதானப்பா இது?"

"ஆமாப்பா, அதேதான். எட்டு தடவை அடிச்சுட்டாராம் அந்த டிராக்டர்காரர்."

"எட்டா? பிஞ்சு நின்னுச்சா?"

"பாதி நின்னுருக்கு. மழை விட மாட்டேங்குது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. டிரம்பெட் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அடி எலையெல்லாம் கிள்ளிவிடச் சொல்லுப்பா, காத்து உள்ள போகட்டும். மழை விட்ட அன்னிக்கே அடிச்சுடணும், மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா போச்சு. அவர்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. அவர் எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றேன் அப்பாவிடம். வைத்த பிறகு மருமகன் கேட்டான்: "மாமா, நாளைக்கு ரயில் மத்தியானம்தான். போன் ஊருக்குக் காலைல ஒரு ரயில் இருக்கு, போய்ப் பார்ப்போமா?"